வால்நட்டில் ஒளிந்திருக்கும் அயலார்

நாட்டு மருந்துக் கடையில் அக்ரூட் என்று கேட்டு வாங்குகிற பருப்புக்கு, சூப்பர் மார்க்கெட் பொட்டலத்தில் வால்நட் என்று பெயர். அக்ரூட் இந்தி வழியாக நம்மிடம் வந்தது; வால்நட் ஆங்கிலம். அதில் ‘நட்’ கொட்டை என்பது தெரிந்ததே. ‘வால்’ எது? ஓட்டை உடைத்தால் பருப்பை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொண்டு கட்டைச் சுவர் போல ஒரு தடுப்பு நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் ‘சுவர்க் கொட்டை’ என்று பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பிழை. சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் லத்தீன் ‘வல்லும்’ என்பதிலிருந்து வந்தது. கொட்டையில் இருக்கும் ‘வால்’ வேறு குலம். பழைய ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘வெயால்ஹ்-ஹ்னுட்டு’, அதாவது அயலார் கொட்டை. அவர்கள் ஊரில் தானாக விளைந்த ஹேசல் கொட்டையிலிருந்து, தெற்கே ரோமானியர் நாடுகளிலிருந்து வந்த இதைப் பிரித்துச் சொல்ல அந்த முன்னொட்டு தேவைப்பட்டது.

இந்த ‘வால்’ ஒரு கொட்டையோடு நின்றுவிடவில்லை. பிரிட்டனில் வேல்ஸ், கார்ன்வால் என்ற இரு நிலங்களின் பெயர்களிலும், பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியான வாலோனியாவிலும், இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியாவிலும் அது இருக்கிறது. போலந்துக்காரர்கள் இத்தாலியை ‘வ்வோஹி’ என்பதும், ஹங்கேரியர் இத்தாலியரை ‘ஓலஸ்’ என்பதும் அதே சொல்லைக் கொண்டுதான். ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து கருங்கடல் வரை ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றும் இத்தனை மக்களுக்கு ஒரே பெயர் எப்படி விழுந்தது என்று கேட்டால், பெயர் பெற்றவர்களிடம் விடை கிடைக்காது. பெயர் வைத்தவர்கள் எந்த எல்லையில் நின்றுகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

தொடக்கம் ஒரே ஒரு இனக்குழுவில் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய ‘கால்’ (Gaul) நாட்டுப் போரைப் பற்றி எழுதிய ரோமத் தளபதி ஜூலியஸ் சீசர், அந்நூலின் ஆறாம் பகுதியில், ரைன் ஆற்றுக்குக் கிழக்கே ஹெர்சீனியக் காட்டை ஒட்டிய வளமான நிலங்களில் வோல்கே என்ற கெல்டிய மக்கள் வாழ்ந்ததாகக் குறிப்பிடுகிறார். இதே பெயருடைய மக்கள் இன்றைய பிரான்ஸின் தெற்கே துலூஸ், நீம் நகரங்களைச் சுற்றியும் இருந்தார்கள். ஜெர்மானிய மொழிகளின் மூதாதை மொழியைப் பேசியவர்களுக்கு இந்த வோல்கே மக்கள் தெற்குப் பக்கத்து அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் பெயரே, காலப்போக்கில், அவர்களைப் போன்ற பிற கெல்டியருக்கும் பொதுப்பெயராகி, ‘வல்ஹஸ்’ என்ற வடிவம் பெற்றது என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம்.

‘வோல்க்’ எப்படி ‘வல்ஹ்’ ஆகும் என்று ஐயப்படலாம். யாக்கோப் கிரிம் 1822இல் முறைப்படுத்திச் சொன்ன ஒலிமாற்ற விதிதான் இதற்கு விடை. தேவதைக் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவரான அதே கிரிம்தான். பிற இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் ககரமாக இருப்பது ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகிறது: லத்தீனில் கொம்பு ‘கோர்னு’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’, லத்தீனில் நூறு ‘கென்டும்’ என்றால் ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’. அதேபோலக் குறில் ஒகரம் அகரமாகிறது: லத்தீனின் ‘ஒக்டோ’ ஜெர்மனில் ‘அஹ்ட்’. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் வோல்கே என்ற பெயர் உட்பட்டிருக்கிறது என்பதால், மாற்றங்கள் நடந்து முடிவதற்கு முன்பே, அதாவது சீசர் எழுதுகோலைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே, ஜெர்மானியர் அதைக் கடன் வாங்கிவிட்டார்கள் என்றாகிறது. எழுத்துச் சான்று இல்லாத காலத்தில் யாருக்கு யார் பக்கத்து வீட்டார் என்பதை இரண்டு ஒலிகள் காட்டிக்கொடுக்கின்றன.

ஒரு குழுவின் பெயர் தொலைவில் பொதுப்பெயராவது தமிழுக்கும் புதிதல்ல. ஈஜியன் கடற்கரையில் வாழ்ந்த கிரேக்கரான அயோனியரைப் பாரசீகர் ‘யௌன’ என்று சொல்ல, அது இந்திய மொழிகளில் யோன, யவன என்றாகி, சங்கப் பாடல்களில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனராக நிற்கிறது.

அடுத்து அரசியல் மாறியது. கெல்டியர் வாழ்ந்த கால் நாட்டை ரோம் விழுங்கியது. அங்கிருந்தவர்கள் சில தலைமுறைகளில் லத்தீன் பேசத் தொடங்கினார்கள். எல்லைக்கு வடக்கே இருந்த ஜெர்மானியர் பழைய பெயரை மாற்றவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கெல்டிய மொழி பேசினாலும் லத்தீன் பேசினாலும் அவர் ‘வல்ஹஸ்’தான். இச்சொல்லுக்கு அகராதிகள் ‘அயலான்’ என்று பொருள் தருவது போதாது என்று ஜே. ஆர். ஆர். டோல்கீன் வாதிட்டார். புனைகதைகளால் புகழ் பெற்ற அவர், தொழிலால் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். ஆங்கிலத்தையும் வேல்ஸ் மொழியையும் பற்றி 1955இல் அவர் அங்கே ஆற்றிய உரையில், ஜெர்மானியர் இப்பெயரை ஹூணருக்கோ ஃபின்னியருக்கோ ஸ்லாவியருக்கோ கொடுக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அயலார் எல்லோரும் ‘வல்ஹ்’ ஆகிவிடவில்லை. ரோமப் பேரரசின் நிழலில் இருந்த, குறிப்பிட்ட வகை மொழிகளைப் பேசிய அயலார் மட்டுமே ஆனார்கள். இது சரியான கருத்து என்றே எனக்குத் தோன்றுகிறது. மேலே சொன்ன இடப்பெயர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், ரோமப் பேரரசின் பழைய எல்லையை ஒட்டி அவை வரிசையாக விழுவதைக் காணலாம்.

ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானிய இனத்தவரான ஆங்கிலோ-சாக்சன்கள் பிரிட்டனுக்குக் கடல் கடந்து வந்தபோது இந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள். தீவில் ஏற்கெனவே இருந்த பிரித்தானியர் கெல்டிய மொழி பேசியவர்கள், ரோம ஆட்சியின் கீழ் நான்கு நூற்றாண்டுகளுக்கு நெருக்கமாக இருந்தவர்கள். வந்தவர்கள், சொந்த மண்ணில் இருந்தவர்களை ‘வெயாலஸ்’, அதாவது அயலார் என்று அழைத்தார்கள். சொல் வரலாற்றில் இதைவிடக் கூச்சமில்லாத பெயர்சூட்டல் அதிகம் இருக்காது.

அந்தப் பெயருக்கு என்ன விலை என்பதை ஒரு சட்டமே எண்ணிச் சொல்கிறது. தென் இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன்களின் நாடுகளில் ஒன்றான வெசெக்ஸை 688 முதல் 726 வரை ஆண்ட இனே மன்னரின் சட்டத்தொகுப்பு, பின்னாளில் ஆல்ஃபிரட் மன்னர் தம் சட்டங்களோடு சேர்த்துவைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒருவரைக் கொன்றால் அவர் உறவினருக்குக் கொலையாளி கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை அதில் ஆளுக்கு ஆள் வேறுபடும். சாதாரண ஆங்கிலக் குடியானவனின் உயிருக்கு 200 ஷில்லிங். ‘வெயால்ஹ்’ ஒருவன் ஒரு ‘ஹைடு’ நிலம், அதாவது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமென்று கருதப்பட்ட நிலம், வைத்திருந்தால் 120. அதில் பாதி வைத்திருந்தால் 80. நிலமே இல்லையென்றால் 60. மன்னரின் தூது சுமந்து குதிரையில் போகக்கூடிய ‘வெயால்ஹ்’ மட்டும் 200 பெறுவான். இந்தப் பட்டியலை வாசிக்கும்போது, அந்த நாட்டில் பழங்குடிகள் நிலத்தோடும் அரசனின் பணியிலும் இருந்தார்கள் என்பதும், வாய் திறந்தவுடன் அவர்கள் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதும் ஒருசேரத் தெரிகின்றன. பிள்ளைகளை ஆங்கிலம் பேசி வளர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியிருந்திருக்காது. சில தலைமுறைகளுக்குப் பின் அதே வெசெக்ஸில் ‘வெயால்ஹ்’ என்றால் அடிமை என்றே பொருளாகிவிட்டது. அதிலிருந்து பிறந்த ‘வில்ன்’ என்பது அடிமைப் பெண். ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’, பிரெஞ்சின் ‘எஸ்க்லாவ்’, ஜெர்மனின் ‘ஸ்க்லாவ’ ஆகியவை ஸ்லாவியர் என்ற இனப்பெயரிலிருந்து வந்ததும் இதே வழியில்தான்.

மேற்கு மலைகளில் தனித்து நின்ற பிரித்தானியரின் நாடு ‘வேல்ஸ்’ ஆனது. தென்மேற்கில் கொம்புபோல் நீண்ட முனையில் இருந்தவர்களின் நாடு ‘கார்ன்வால்’ ஆனது. வேல்ஸ்காரர்கள் தங்களை இப்பெயரால் அழைத்துக்கொள்வதில்லை. அவர்கள் மொழியில் நாட்டின் பெயர் ‘கம்ரி’. அதன் பழைய வடிவமான ‘கொம்ப்ரோகி’ என்பதற்கு ஒரே நாட்டார், நம்மவர் என்று பொருள். ஆக ஒரே மக்களுக்கு உள்ளிருந்து பார்த்தால் நம்மவர், வெளியிலிருந்து பார்த்தால் அயலார். பதிலுக்கு அவர்களும் ஆங்கிலேயரை இன்றுவரை ‘சைசன்’, அதாவது சாக்சன்கள், என்றே சொல்கிறார்கள்.

பிறகு இது ஆட்களின் பெயரானது. ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர்வீரர் வில்லியம் வாலஸின் குடும்பப்பெயருக்கு வேல்ஸ்காரர் அல்லது பிரித்தானிய மொழி பேசியவர் என்று பொருள். 1169க்குப் பின் நார்மானியப் படையெடுப்போடு வேல்ஸிலிருந்து அயர்லாந்தில் குடியேறியவர்களின் வழியினர் ‘வால்ஷ்’ ஆனார்கள். ஐரிஷ் மொழி அதை ‘பிரெத்னக்’, பிரித்தானியன், என்று மொழிபெயர்த்துக்கொண்டது. 1767இல் பசிபிக்கில் பயணித்த சாமுவேல் வாலிஸின் பெயரால் அங்கே ஒரு தீவும், 1770இல் ஜேம்ஸ் குக் சூட்டிய பெயரால் ஆஸ்திரேலியாவில் ஒரு நியூ சவுத் வேல்ஸும் இருப்பதை நினைத்தால், வோல்கே மக்களின் பெயர் போய்ச் சேர்ந்த தூரம் கொஞ்சநஞ்சமல்ல.

ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கில் இதே பிளவு டச்சு பேசியவர்களுக்கும் பிரெஞ்சு வழி மொழி பேசியவர்களுக்கும் இடையே ஓடியது. டச்சுக்காரர் தெற்கே இருந்தவர்களை ‘வால்ஸ்’ என்றனர். வாலோன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பெல்ஜியம் 1962இல் சட்டம் இயற்றி மொழி எல்லையை உறுதிப்படுத்தியபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லில் இருந்த கோடு அரசிதழில் ஏறியது என்று சொல்லலாம். வேல்ஸைப் போலன்றி, வாலோன்கள் பிறர் வைத்த பெயரையே தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் நிலை இதைவிட வேடிக்கையானது. தங்கள் மூதாதையர் நாடு என்று பள்ளிப் பாடங்களில் அவர்கள் பெருமையோடு சொல்லும் ‘கோல்’ என்ற பெயர், லத்தீன் ‘கால்லியா’விலிருந்து வந்ததாகவே யாரும் நினைப்பார்கள். பிரெஞ்சின் ஒலி விதிகள் அதற்கு இடம் தருவதில்லை. லத்தீன் சொல்லின் முதலில் வரும் ‘கா’ பிரெஞ்சில் ‘ஜ’ ஆகத் திரியும்: கால் என்று பொருள்படும் ‘காம்பா’ அங்கே ‘ஜாம்ப்’ ஆனது. ஜெர்மானிய வகரம்தான் பிரெஞ்சில் ககரமாகும்: போரைக் குறித்த ‘வெர்ரா’ என்பது ‘கேர்’, வில்லியம் என்பது ‘கியோம்’. ஆகவே ‘கோல்’ என்பது ஜெர்மானியரான ஃபிராங்க் இனத்தார் ‘வல்ஹ்’ நாடு என்று சொன்னதன் திரிபு. வேல்ஸுக்கு அவர்கள் சொல்லும் ‘கால்’ என்ற பெயரும் இதே வழியில் வந்ததே.

ஆல்ப்ஸ் மலைக்குப் போனால் இச்சொல்லை ஊர்ப்பலகையிலேயே காணலாம். இத்தாலியின் தென் டைரோல் பகுதியில் அருகருகே இரண்டு ஊர்கள் உள்ளன. ஜெர்மனில் ஒன்று ‘டாய்ச்நோஃபன்’, மற்றது ‘வெல்ஷ்நோஃபன்’, அதாவது ஜெர்மன் நோஃபன், அயலார் நோஃபன். இத்தாலிய மொழியில் இவற்றுக்கு இப்போது திசைப் பெயர்கள்: மேற்கு நோவா, கிழக்கு நோவா. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுபவர்கள் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியை இன்றும் சாதாரணமாக ‘வெல்ஷ்லாண்ட்’ என்பார்கள். அதில் வசை எதுவும் இல்லை. ஜெர்மனியில் அப்படி இல்லை. நெப்போலியன் காலத்துப் போர்களின்போது ‘வெல்ஷ்’ அங்கே பிரெஞ்சு எதிர்ப்பின் வசைச்சொல்லானது. 1813இல் எர்ன்ஸ்ட் மோரிட்ஸ் ஆர்ன்ட் எழுதிய தேசியப் பாடலில் அது அந்தக் கசப்போடுதான் வருகிறது. புரியாத பேச்சுக்கு ஜெர்மனில் ‘கௌடர்வெல்ஷ்’ என்று பெயர். சுவிட்சர்லாந்தின் கூர் நகரைச் சுற்றி, லத்தீன் வழி மொழியான ரொமான்ஷ் பேசியவர்களின் பேச்சு காதில் விழுந்த விதம் அது என்பது ஒரு விளக்கம். திருடர்களின் குழூஉக்குறி ‘ரோட்வெல்ஷ்’. இங்கே ஓர் எச்சரிக்கை: சுவிட்சர்லாந்தின் ‘வாலிஸ்’ மாநிலம் இந்தக் குடும்பத்தில் சேராது. அது பள்ளத்தாக்கைக் குறிக்கும் லத்தீன் ‘வல்லிஸ்’.

கிழக்கே கதை இன்னும் சுவையானது. ஸ்லாவியர், லத்தீன் வழி மொழிகள் பேசிய மக்களை ஜெர்மானியரின் வாய் வழியாகவே முதலில் அறிந்தார்கள் போலும். பெயரையும் அவர்களிடமே கடன் வாங்கினார்கள். கடன் கொடுத்த ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பெயரோ, நம் மொழி பேசத் தெரியாத ‘ஊமையர்’ என்ற பொருளுடையது. போலிஷ் மொழியில் ஜெர்மனி இன்றும் ‘நியெம்ட்சி’தான். கடன் வாங்கிய ‘வல்ஹ்’, ஸ்லாவிய மொழிகளில் உயிரும் லகரமும் இடம் மாறும் வழக்கப்படி செக்கில் ‘வ்லாஹ்’, போலிஷில் ‘வ்வோஹ்’, கிழக்கு ஸ்லாவியத்தில் ‘வோலோஹ்’, ஸ்லோவேனியத்தில் ‘லாஹ்’ என்று நான்காகப் பிரிந்தது.

போலந்துக்கும் செக் நாட்டுக்கும் தெற்கே இத்தாலி. எனவே அங்கே பொருள் இத்தாலியர். செக் நாட்டின் குத்னா ஹோரா நகரில் ‘வ்லாஷ்ஸ்கி த்வூர்’, இத்தாலிய முற்றம், என்ற கட்டடம் இருக்கிறது. 1300இல் இரண்டாம் வென்ட்சஸ்லாஸ் மன்னர் நாணயத்தைச் சீர்திருத்தி வெள்ளிக் குரோஷன் அடிக்கத் தொடங்கியபோது, அந்த வேலைக்கு ஃப்ளாரன்ஸிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தார். நாணயச் சாலைக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது.

ஹங்கேரியர் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார்பாத்தியச் சமவெளிக்கு வந்து, ஸ்லாவியரிடமிருந்து இதே சொல்லை இருமுறை கடன் வாங்கினார்கள். பன்மை வடிவமான ‘வ்லாசி’யிலிருந்து ‘ஓலஸ்’. ஒருமையான ‘வ்லாஹ்’ என்பதிலிருந்து ‘ஓலாஹ்’. முன்னது மேற்கே இத்தாலியருக்கு, பின்னது கிழக்கே ருமேனியருக்கு. ஒரே சொல்லின் ஒருமையும் பன்மையும் இரண்டு தேசங்களாகப் பிரிந்த வேறு எடுத்துக்காட்டு எனக்கு நினைவில்லை. இதில் ‘ஓலாஹ்’ பின்னாளில் இளக்காரமாக ஒலிக்கத் தொடங்கியதால் ‘ரோமான்’ என்ற சொல் அதன் இடத்துக்கு வந்தது. குடும்பப்பெயராக மட்டும் தங்கிவிட்டது. 1994இல் வேதியியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஓலா புடாபெஸ்டில் பிறந்தவர்.

பால்கன் பகுதியில் இப்பெயர் வரலாற்றில் தலைகாட்டுவது ஒரு கொலைச் செய்தியோடு. பல்கேரியாவின் சாமுவேல் மன்னரின் அண்ணன் டேவிட், 976இல், கஸ்தோரியாவுக்கும் பிரெஸ்பாவுக்கும் இடையே வழியில் ‘வ்லாக்’ மக்களால் கொல்லப்பட்டதாக பைசாந்திய வரலாற்றேடுகள் கூறுகின்றன. மலைகளில் ஆடு மேய்த்தும், பொதி மிருகங்களை ஓட்டியும் வாழ்ந்த, லத்தீன் வழி மொழி பேசிய இம்மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் ‘அருமான்’. டான்யூபுக்கு வடக்கே அதன் உடன்பிறப்பு ‘ரோமான்’. இரண்டுக்கும் ரோமானியர் என்றுதான் பொருள். வெளியார் வாலாக்கியா என்ற நாட்டை அவர்கள் ‘ருமேனிய நாடு’ என்றார்கள். 1859இல் அது மோல்தாவியாவோடு இணைந்து, 1866 அரசியலமைப்பில் ருமேனியா என்ற பெயர் பதிந்தபோது, உள்ளே வழங்கிய பெயர் வெளியே வழங்கிய பெயரை வென்றது. வேல்ஸுக்கு உலக வரைபடத்தில் அது இன்னும் வாய்க்கவில்லை.

மொழியைக் குறித்த சொல் பால்கனில் மெல்லத் தொழிலைக் குறிக்கலாயிற்று. கிரேக்கத்தில் ‘வ்லாகோஸ்’ என்றால் இடையன், அப்புறம் பட்டிக்காட்டான். தல்மேஷியக் கடற்கரையில் குரோவேஷிய மொழியே பேசும் உள்நாட்டு மலைக்காரர்களை, அதே மொழி பேசும் கடலோரத்தார் ‘வ்லாய்’ என்று சீண்டுவார்கள். போஸ்னியாவில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவரை இப்பெயரால் குறித்தார்கள். செக் நாட்டின் கிழக்கு மலைகளில் ‘வலாஷ்ஸ்கோ’ என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. அங்கிருப்பவர்கள் செக்கின் ஒரு வட்டார வழக்கைப் பேசுகிறவர்கள். கார்பாத்திய மலைத்தொடரை ஒட்டி வந்த ஆட்டு மந்தைகளோடும், பாலாடைக்கட்டி செய்யும் முறையோடும் பெயர் மட்டும் வந்து தங்கிவிட்டது. காயடித்த குதிரைக்கு ஜெர்மனில் ‘வல்லாஹ்’ என்று பெயர், அவை வாலாக்கியாவிலிருந்து வந்ததால். பிரெஞ்சுக்காரர் அதே குதிரையை ‘ஹங்கேரியன்’ என்று பொருள்படும் ‘ஓங்கர்’ என்பார்கள்.

இனி அந்தக் கொட்டைக்குத் திரும்பலாம். ஆங்கிலத்தில் வால்நட், டச்சில் ‘வால்நோட்’, ஜெர்மனில் ‘வால்னுஸ்’, ஸ்வீடிஷில் ‘வால்நெட்’. போலிஷில் அது ‘ஒஜெஹ் வ்வோஸ்கி’, செக்கில் ‘வ்லாஷ்ஸ்கி ஒர்ஜெஹ்’. பொருள் இத்தாலியக் கொட்டை. உக்ரேனியர் சொல்லும் ‘வோலோஸ்கி ஹோரிஹ்’ என்பதில் அதே அடைமொழி, ஆனால் அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அது வாலாக்கியாவைக் காட்டும். கொட்டை ஒன்றே, முன்னொட்டும் ஒன்றே; ஊர் மட்டும் பார்ப்பவரின் திசைக்கு ஏற்ப மாறுகிறது. ரஷ்யர் இதைக் கிரேக்கக் கொட்டை என்கிறார்கள்.

இப்பெயரால் அழைக்கப்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். இத்தாலியில் ‘நோச்சே’, பிரான்ஸில் ‘நுவா’, ருமேனியாவில் ‘நூகா’: எல்லாம் லத்தீன் ‘நுக்ஸ்’, வெறும் கொட்டை. அவர்கள் முற்றத்தில் நின்ற மரத்துக்கு அடைமொழி தேவைப்படவில்லை. வேல்ஸில் மட்டும் அந்த மரம் வெளியிலிருந்து வந்தது. ஆகவே அங்கேயும் அயலாரைச் சுட்டும் ஒரு முன்னொட்டு வேண்டியிருந்தது. வேல்ஸ் மொழியில் வால்நட்டின் பெயர் ‘க்நாய் ஃப்ரெங்கிக்’, பிரெஞ்சுக் கொட்டை.